சாக மறந்த அணுக்களும் மையவாடிப் பூவும்

ஹட்டன்,
ஞாயிறு இரவு.

அன்பு நுஸ்கி நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் உம்மா ஒவ்வொரு கடிதத்திலும் என்னை எழுதச் சொல்வார், இன்று அவர் சொல்லாமல் நானே எழுதுவதால் அந்த வரியை எழுதவில்லை. போன் உம்மாவின் தலையணைக்கடியில் இருக்கிறது. வாப்பா இந்த வாரம் கினிகத்தேனைக் கடையில் தங்குகிறார், இருமல் குறைந்துவிட்டது. விடிய கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகும் ஹுசைன் மாமாவிடம் இதைக் கொடுத்துவிடுவேன்.

தம்பி அஃப்ஹமின் இரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்தது என்று பெருநாளுக்கு வந்தபோது சொன்னீர்களே. நோய் பிடித்த அணுக்கள் சாக மறந்து இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன, பிரியும் நேரத்தில் மருந்து பிடித்து நிறுத்தினால் அவை தானாகவே செத்துவிடும் என்றீர்கள். அன்றிலிருந்து கண்ணை மூடினால் அவனுடைய இரத்தத்துக்குள் சின்னச் சின்ன விளக்குகள் தெரிகின்றன, எதிர் மலைத் தோட்ட லயத்து வீடுகளில் அணைவதுபோல ஒவ்வொன்றாக அணைகின்றன. உம்மா அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார்.

நம் மையவாடியில் இறந்தவர்களை அடக்கிய கபுறுகளைச் சுற்றி அந்தப் பூதானே. ஆறு நாளாக, ஸ்கூல் விட்டு வரும்போதும் லீவு நாளில் தனியாகப் போயும், இலையும் பூவுமாக நான் பறித்து வருகிறேன், உம்மா அவித்துக் காலையும் மாலையும் அவனுக்கு ஒரு கோப்பை கொடுக்கிறார். பயந்து கேட்டதற்கு, “மருந்து அதுலதானே ஈக்கி, ஆஸ்பத்திரில சொட்டுச் சொட்டா குடுக்கிறத ஊட்டுல கோப்பையா குடுத்தா சுருக்கா சொகமாகும், நானாக்குச் சொல்ல வாணாம், படிச்சவங்களுக்கு எல்லாத்துக்கும் தராசு வேணும்” என்றார். அஃப்ஹம் மூக்கைப் பிடித்துக் குடித்துவிட்டு, “நான் என்ன பூச்சட்டியா ராத்தா, ஊத்திக்கிட்டே ஈக்கிறீங்க” என்கிறான்.

நேற்றுக் கனவில் அவன் மூடுபனிக்குள் தேயிலைப் பாதையில் நடந்து போனான், கால் வைத்த இடமெல்லாம் வெள்ளைப் பூ. அழகாக இருந்தது நானா, அதுதான் பயம். விழித்துப் பார்த்தால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அளவு கூடினால் நரம்பைப் பிடிக்கும் என்று நீங்கள் சொன்னதை உம்மா மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை. சற்று முன் அவன் உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினேன், பிறகு நகத்தால் கிள்ளினேன். கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான், அவனுக்குத் தெரியவில்லை.

காலைக்கு அவித்து மூடி வைத்ததைப் பின்பக்கம் ஊற்றிவிட்டேன், உம்மா கேட்டால் என்ன சொல்வேனோ. செவ்வாய்க் காலை அடுத்த மருந்து, நாளை இரவு ரயிலில் உம்மா அவனை அங்கே கூட்டி வருகிறார். கடிதம் கிடைத்தவுடனே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், ஏற்றுவதற்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும். உம்மாவை ஏச வேண்டாம். அவன் குடித்து முடிக்கும்வரை அவர் உதடு ஓதிக்கொண்டே இருக்கிறது.

அல்லாஹ் உங்கள் படிப்பில் பரக்கத் செய்யட்டும். உம்மாவின் துஆவையும் அவருக்குத் தெரியாமலே இதோடு வைக்கிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், பூ பறித்தது யார் என்று டாக்டர் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் எவ்வளவு பறித்தேன் என்று கேட்டால் சரியாகச் சொல்வேன்.

உங்கள் தங்கை,
இஷ்ரா