ரிப்போர்ட்டில் இல்லாத புகை

13-1-1997, போகி

பழைய பாயும் துடைப்பமும் கொளுத்திவிட்டுக் குளித்தாயிற்று. தெருவெல்லாம் டயர் நாற்றம். பனியும் புகையும் கலந்து எதிர் வீடு தெரியவில்லை. என் பிள்ளை துளசிங்கம் ராத்திரி வேலை முடிந்து இன்னும் வரவில்லை. மீனம்பாக்கத்திலிருந்து பம்மலுக்கு என்ன பெரிய தூரம்? இட்லி கல்லாகிவிட்டது.

மத்தியானம் வந்தான். அவன் கம்பெனியின் பம்பாய் விமானம் புகையில் தட்டுத்தடுமாறி இறங்கி, ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் போய் நின்றதாம். ஒரு அம்மாவுக்குக் கை முறிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

15-1-1997

விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எதற்கு? விமானத்தை இவனா ஓட்டினான்?

இவன் வேலை கீழே அறையில் உட்கார்ந்து, மேலே வருகிற கேப்டனுக்கு மைக்கில் சொல்வது. இங்கே மழையா, பனியா, இறங்க முடியுமா, முடியாவிட்டால் பெங்களூர் போக எண்ணெய் போதுமா என்று. டிஸ்பாட்சர் என்று பெயர். பம்மலில் அந்த வேலை பார்க்கிறவன் என் பிள்ளை ஒருத்தன்தான். கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டேன்.

அந்தக் கேப்டன் சொல்கிறானாம், 'கீழேயிருந்து எனக்குச் சரியாகச் சொல்லவில்லை' என்று. வடக்கத்தி ஆள். போகி என்றால் என்னவென்றே தெரியாதாம். தெரியாவிட்டால் கேட்கிறது, வாய் இல்லையா? மேலேயே வட்டமடித்து, பெங்களூர் போக வைத்திருந்த எண்ணெயையும் தீர்த்து, வேறு வழியில்லாமல் இறங்கிவிட்டுப் பழியை மட்டும் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொட்டுகிறான்.

18-1-1997

"அத்தே, கத்தாதீங்க. அவரே தூங்காம கிடக்கறாரு" என்கிறாள் மருமகள் தனம். நான் கத்தாமல் யார் கத்துவது? அவன்தான் வாயே திறக்க மாட்டேன் என்கிறானே.

21-1-1997

குரோம்பேட்டைக்குப் போனேன். மேனேஜர் பட்டாபிராமன் வீடு. வானிலை ஆபீஸ் ரிப்போர்ட்டில் இருப்பதைத் தவிர மைக்கில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது அந்த ஆள் போட்ட சட்டம். சட்டப்படி நடந்தவனுக்குத் தண்டனையா என்று கேட்கத்தான் போனேன்.

"உள்ள வாங்கோம்மா. காப்பி சாப்பிடுங்கோ."

"காப்பி எங்க வூட்லயும் கீது சார். எம்புள்ள இன்னா தப்பு பண்ணான்? அத்த சொல்லுங்க."

கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். "காலம்பற வெளில போய்ப் பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொன்னான். ரிப்போர்ட்ல ரெண்டாயிரம் மீட்டர் தெரியறதுன்னு போட்டிருக்கு சார், ஆனா இது போகிப் புகை, இன்னும் மோசமாகும், வெயில் ஏறினாத்தான் கலையும்னு. ரிப்போர்ட்டை மட்டும் படின்னேன். என் தப்புதான், ஒத்துண்டுட்டேன். ஆனா மைக் அவன் கையிலதானே இருந்தது? கேப்டன் 'வரலாமா'ன்னு அவனைத்தானே கேட்டார்?"

"இவன் இன்னா சொன்னான்?"

"ரெண்டாயிரம் மீட்டர், உங்க இஷ்டம் சார்னான்."

எழுந்து வந்துவிட்டேன். பாதித் தெரு வந்த பிறகு பார்த்தால் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருக்கிறேன். கோபத்தில்தான்.

22-1-1997

சோறு போட்டுவிட்டுத்தான் கேட்டேன்.

"தெரிஞ்சுகினு ஏண்டா சொல்லல?"

"அவரு முப்பது வருசமா ஓட்டறவரும்மா. ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவரு. நான் ஒரு ரூம்ல குந்திகினு, வராதீங்க சார்னு எப்பிடிச் சொல்றது? மரியாதையா இருக்குமா?"

"ரோட்ல குழி கீதுன்னா, மந்திரி வந்தாலும் குழி கீதுன்னுதாண்டா சொல்லணும். வுழுந்தப்புறம் இன்னாடா மரியாத?"

"நீ ஒரு தபா அந்த மைக்கப் புடிச்சுப் பாரு, தெரியும்."

"குடு, புடிக்கிறேன். கை ஒடஞ்ச அந்தம்மாவுக்கும் நானே போயி பதில் சொல்றேன்."

சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். போகட்டும்.

பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காத பிள்ளை என்று இந்தத் தெருவே சொல்லும். கேட்டால் எனக்கு உச்சி குளிரும். இன்றைக்கு யாராவது அப்படிச் சொல்லட்டும், பார்க்கிறேன்.

23-1-1997

அவன் சாப்பாட்டைத் தனம் கையில் கொடுத்தனுப்பினேன்.

6-2-1997

விசாரணை. வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "சொல்லிட்டேம்மா. பொகை மோசமாகும்னு தெரிஞ்சும் கேப்டனுக்குச் சொல்லலன்னு."

வேலை போய்விடும் என்று தனம் அழுதாள்.

வெளியே வரும்போது அந்தக் கேப்டன் இவனைக் கூப்பிட்டாராம். 'நீ சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா, தெரியாது. ஆனால் ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டாராம். இவன் பஸ் ஏறி வந்துவிட்டான். எனக்கு அந்த ஆள்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியில் பொய் இல்லை. 'கேட்டாராம்' என்று மரியாதையாக எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

19-5-1997

வேலை இருக்கிறது, மைக் இல்லை. பெட்டி எடை போடுகிற இடத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள். பட்டாபிராமனுக்கு அதே நாற்காலி, அதே மின்விசிறி. ஒத்துக்கொண்டாராம், அதோடு சரி. ஒத்துக்கொண்ட என் பிள்ளை மட்டும் பெட்டி தூக்கணும்.

3-10-1997

மைக் திரும்பக் கிடைத்தது. மழைக்காலம் வருகிறது, ஆள் போதவில்லை. பாசத்தில் கொடுக்கவில்லை. கண்ணால் பார்த்ததையும் சொல்லலாம் என்று சட்டத்தை மாற்றியிருக்கிறார்களாம். மாற்றுவதற்கு ஒருத்தி கை முறிய வேண்டியிருந்தது.

13-1-1998, போகி

என் மகள் சரோஜினி பம்பாயிலிருந்து பேத்தியோடு வருகிறாள். பேத்தியைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. காலை விமானம். துளசிங்கத்துக்கு டூட்டி.

எதிர் வீட்டு முனிரத்தினம் டயரைக் கொளுத்தினான். ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் கொட்டினேன்.

"இன்னா ஆயா, வருசத்துக்கு ஒரு நாளு."

"அந்த ஒரு நாள்லதாண்டா எம்பொண்ணு வரா."

ஒரு டயரை அணைத்து என்ன பயன்? தெருக்கோடி வரை எரிந்தது.

பத்து மணிக்கு மேல் போன். சரோஜினி. பெங்களூரிலிருந்து. என் மகள்தானே, கோபமும் என்னுடையதுதான்.

"மெட்ராஸ் பக்கமே வரலம்மா. பாதி வழியிலயே கேப்டன் சொல்லிட்டாரு. கீழ இருக்கற ஆளு வராதீங்கன்னுட்டாராம், பெங்களூர்ல இறங்கறோம்னு. இங்க பொங்கல் கூட்டம், பஸ்ல எடமே இல்ல. கொழந்த அழுதுகினே கீது. உம்புள்ளதானே டூட்டி? நான் இதுல வரது அவனுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வராதன்னான்?"

"ஆமாம்."

போனை வைத்துவிட்டாள்.

14-1-1998

பொங்கல் பொங்கும்போது பேத்தி இல்லை. ஆத்திரமாகத்தான் இருந்தது. யார்மேல் என்று தெரியாமல் தனத்தைத் திட்டினேன்.

துளசிங்கம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். "அக்கா வந்து திட்டும்மா."

"திட்டுவா. வாங்கிக்க."

அவன் இலையில் முதலில் போட்டேன். நெய் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினேன். சரோஜினிக்கும் குழந்தைக்கும் தனியாக எடுத்து மூடி வைத்திருக்கிறேன். நாளைக்குள் எப்படியும் வந்துவிடுவார்கள்.