திரும்பிப் போன உன் கம்ப்யூட்டர்

என் கண்ணு மலர்விழிக்கு,

உன் மரக்காணத்து மாமா பேசுகிறேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது நீ அறிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை தேவி டைப் அடிக்கிறாள். பிரம்மதேசத்தில் உன் அப்பா வீட்டுக் கூடத்தில், உன்னுடைய அதே கம்ப்யூட்டரில். மழை தொடங்கிவிட்டதே, ஈரத்தில் இந்தப் பொட்டி பழையபடி கத்துகிறதா என்று பார்க்க வந்தேன் என்றேன் அவளிடம். அதற்காக வரவில்லை. உன் அப்பா உள் அறையில் படுத்திருக்கிறார். என்னை வா என்று சொல்லவில்லை.

பிள்ளை இல்லாமல் மருமகள் செத்துப்போனால் அவள் கொண்டுவந்த சீரைத் திருப்பிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். ஆவணியில் உன் அப்பாவும் தேவியும் ஆட்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கட்டில், பீரோ, பித்தளை அண்டா எல்லாவற்றையும் தெருவில் இறக்கி வைத்துச் சரிபார்த்தார்கள். உன்னைத் தவிர எல்லாம் திரும்பிப் போனது.

கம்ப்யூட்டரில்தான் வம்பு வந்தது. அழுக்கோடு கொடுத்தால் கேவலம் என்று, அவர்கள் வருவதற்கு முதல் நாள் உன் புருஷன், என் பிள்ளை, அதைத் திறந்தான். உள்ளே எல்லாம் உப்புத் தூசி. உப்பளத்து டீசல் இன்ஜினைக் கழற்றுகிற மாதிரி அத்தனையையும் பிடுங்கி, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டினான். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே கிடந்தது. பீ... பீ... என்று நீளமாகக் கத்தியது. மறுநாள் உன் அப்பா முன்னாலும் அதே கத்தல்.

"பழைய பொட்டி மாமா. கெட்டுப்போச்சு" என்றான்.

"நல்லாத்தானப்பா அனுப்புனேன். உங்க வூட்டுக்கு வந்து ரெண்டே வருஷம். அதுக்குள்ள கெட்டுப்போச்சா?"

கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் தெருவில் நின்ற ஒருவரும் தலை நிமிரவில்லை.

எனக்கு அந்தக் கத்தல் தெரியும். ஈரக்காற்று அடிக்கும்போதெல்லாம் அது அப்படிக் கத்தும், நீ பிளக்கைப் பிடுங்குவாய், பொட்டியின் இரும்பை ஒருமுறை தொடுவாய். மெமரி என்று நீ சொல்லும் நீளமான பச்சைப் பட்டையை உருவி, அதன் மஞ்சள் பல்லை ரப்பரால் தேய்ப்பாய். திரும்பச் செருகி, இரு முனையிலும் இருக்கிற கொக்கிக் காதுகள் மூடும்வரை கட்டைவிரலால் அழுத்துவாய். "ரெண்டு பக்கமும் காது தானா மூடணும் மாமா. டக்கு டக்குன்னு ரெண்டு சத்தம். ஒண்ணு கேட்டு ஏமாந்துடாதீங்க" என்பாய். "ஆமா, நாளைக்கு நான்தான் ரிப்பேர் கடை வைக்கப் போறேன்" என்று கிண்டல் செய்தேனே, நினைவிருக்கிறதா?

"டேய், அந்தப் பச்சப் பட்ட சரியா ஒக்காரலடா. என்கிட்ட வுடு" என்றேன்.

"நீ சும்மா இரு நைனா. கையெழுத்தே போடத் தெரியாது, கம்ப்யூட்டர் பாக்க வந்துட்ட." யாரோ சிரித்தார்கள்.

அந்தச் 'சும்மா இரு' எனக்குப் புதிதில்லை. ஒரே நாள் காய்ச்சல், பொசுக்கென்று போய்விட்டாள் என்றுதான் உன் அப்பாவுக்குச் சொன்னோம். பொய். மூன்று நாள் கிடந்தாய். உப்பு வாருகிற நேரம், வேலை நின்றுவிடும், ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போகலாம் என்றான் உன் புருஷன். இரண்டாம் நாள் உன் கை நெருப்பாய்க் கொதித்தது. "வண்டி சொல்லட்டாடா?" என்று கேட்டேன். "சும்மா இரு நைனா" என்றான். சும்மா இருந்தேன்.

தேவியின் விரல் நின்றுவிட்டது. "அடிம்மா, நிறுத்தாத" என்கிறேன். உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது. உன் சீர்க் கட்டில்தான். உன் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது.

அன்று தெருவில் மட்டும் நான் சும்மா இருக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். இரும்பைத் தொட்டேன். தேவி பையிலிருந்து ரப்பர் எடுத்துக் கொடுத்தாள். நினைத்தது சரி, ஒரு பக்கத்துக் காது திறந்தேதான் கிடந்தது. பட்டையை உருவித் தேய்த்துச் செருகி அழுத்தினேன். டக்கு. இன்னொரு பக்கம். டக்கு. கரண்ட் கொடுத்ததும் குட்டையாக ஒரே ஒரு சத்தம், திரையில் எழுத்து ஓடியது. உனக்காகச் செய்யாததை ஒரு தகரப் பொட்டிக்காகச் செய்தேன். சிரிப்பு வருகிறதா, மலரு?

"தேதி தப்பா காட்டுதுப்பா. ரெண்டாயிரத்து ரெண்டுன்னு இருக்குது" என்றாள் தேவி. உள்ளே காசு மாதிரி இருக்கும் பேட்டரியையும் அவன் கழற்றி மாட்டியதால் தேதி பழையதுக்கே போய்விட்டதாம். ரெண்டாயிரத்து ரெண்டு, உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். மாற்றப் போன தேவியின் கையை உன் அப்பா பிடித்துக்கொண்டார்.

"வாணாம்மா. அப்படியே இருக்கட்டும்."

இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறதாம்.

உன் புருஷனுக்கு மறுபடியும் பெண் பார்க்கிறார்கள். பொம்மையார்பாளையத்தில் ஓர் இடம். வருகிற வெள்ளிக்கிழமை போகிறோம். பெரிய மனுஷன் என்று என்னையும் வண்டியில் ஏற்றுவார்கள். அங்கே காபி வரும்வரைகூடப் பொறுக்க மாட்டேன். அந்தப் பெண்ணைப் பெற்றவரிடம் உன் மூன்று நாளையும் சொல்வேன். இவன் சும்மா இரு என்பான். இருக்க மாட்டேன், இது சத்தியம்.

கைநாட்டு வைக்க இதில் இடமில்லையாம். பேரை அடிக்கட்டுமா என்று தேவி கேட்கிறாள். வேண்டாம், நீ கூப்பிட்ட பேரே போதும்.

மாமா