ஓட்டியது நீதான், எஸ்தர்

அன்பு எஸ்தர்,

சபையின் மாத இதழுக்கு உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். என் கணக்கில் ஒரு பொய் நிற்கிறது, அதை இறக்கி வைக்க வேண்டும்.

முதலில் ஊர்ச் சேதி. உலகச் சண்டை முடிந்து பெட்ரோல் கிடைக்கத் தொடங்கியதும், பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு முக்கி முனகிய திண்டிவனம் பஸ்ஸுக்குப் புது மிடுக்கு வந்துவிட்டது. பெரிய ரோடில் எந்நேரமும் புழுதியும் ஹாரன் சத்தமும். நம் தொண்டியாற்றங்கரைச் சரளைப் பாதைக்கு மட்டும் இன்னும் யாரும் வரவில்லை. போன வாரம் பள்ளிக்கூடம்வரை நடந்தே போனேன். ஆறு மைலுக்கு எதிரே வந்தது ஓர் ஆட்டு மந்தை, அவ்வளவுதான்.

திண்டிவனத்து வீட்டிலிருந்து ஆற்றோரக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த நாம் இருவரும் எட்டு வருஷம் போய்வந்த பாதை அது. நம்மிடம் ஒரே சைக்கிள்தான். உன் அண்ணன் வாடகை சைக்கிள் கடைக்காரர் இல்லையா, ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார நர்சிடம் வாங்கி நமக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள். நீ பன்னிரண்டு வயதிலேயே வற்றிக் கிடந்த ஏரிக்குள் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டவள். நான்? மூன்று மாசம் நீ பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தும் கள்ளிப் புதரைத் தவிர வேறெங்கும் போய்ச் சேரவில்லை.

"என்னாங்க, சைக்கிளு நேராத்தான் போவுது. நீங்கதான் சாஞ்சிக்கினு போறீங்க" என்று சொல்லிவிட்டு நீயே ஏறி உட்கார்ந்துகொண்டாய். நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அந்த இடம் மாறவே இல்லை.

என்ன காலைகள் அவை! டயருக்கடியில் சரளை நொறுநொறுக்கும். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கரும்பு, திரும்பிப் பார்த்தால் தூரத்தில் பெருமுக்கல் மலை. நான் வேகவைத்த மல்லாட்டையை உரித்துக் கடலையை முன்னால் நீட்டுவேன், நீ ஒரு கையை ஹாண்டிலிலிருந்து எடுத்து வாங்கிக்கொள்வாய். பயத்தில் நான் கேரியரை இறுகப் பிடித்துக்கொள்வேன். மேட்டில் ஏறும்போதுகூட நீ மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை.

ஊர் எல்லையில் ஈச்சம்புதர் வந்ததும் இறங்கிவிடுவோம். அங்கிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் முன்னே நடப்பேன், குடையோடு நீ பின்னே வருவாய். வேட்டி செயினில் மாட்டாமலிருக்க இரும்புக் கிளிப் வேறு கணுக்காலில் மாட்டியிருப்பேன், ஏதோ நான் மிதித்து வந்தவன்போல. ஊரார் எனக்கு வைத்த பெயர் சைக்கிள் வாத்தியார். குறுக்குக் கம்பி எங்கே என்று மணியக்காரர் கேட்டபோது, "இது பாதிரிமாருக்கென்று செய்தது, அங்கி தடுக்கும் பாருங்கள்" என்றேன். நீ இருமிக்கொண்டே குடைக்குள் முகத்தை மறைத்தாயே, நினைவிருக்கிறதா?

அஞ்சலையின் விஷயத்துக்கு வருகிறேன்.

அறுப்புக் காலம். உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால், அவள் புருஷன் கன்னியப்பன் வயலிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தான். அரிவாள் வழுக்கி அஞ்சலையின் மணிக்கட்டு பிளந்துவிட்டது. துண்டை இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. நாலு பேர் அவளைப் பள்ளிக்கூட வாசலுக்கே தூக்கி வந்துவிட்டார்கள்.

"வாத்யாரே, வண்டி கட்டிக்கினு போனா பொழுது சாஞ்சிடும். ஆத்தோரமா சைக்கிள்ல ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க. உங்க கால்ல வுழுறேன்" என்று கும்பிட்டான்.

நான் என்ன சொன்னேன்? பக்கத்து வகுப்பிலிருந்து நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். "டியூப் பஞ்சர்" என்று சொன்னேன். கண்ணெதிரே ஒருத்தி செத்துக்கொண்டிருக்க, நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

நீ வெளியே வந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாய்.

"பஞ்சர் அப்பவே ஒட்டியாச்சு. அவருக்குக் காலு சுளுக்கிக்கினு இருக்குது, சொல்ல வெக்கப்படறாரு. நான் ஓட்டறேன். அஞ்சலையைத் தூக்கி உக்கார வெச்சி என் இடுப்போட சேத்துக் கட்டுங்க."

ஊர் நடுத்தெருவில் நீ மிதித்துப் போனாய், எஸ்தர். அத்தனை பேரும் வாயைப் பிளந்து நின்றார்கள். ஈச்சம்புதரைத் தாண்டி மறையும்வரை, அந்தப் பாரத்தோடு, அந்தக் கல்லில், சைக்கிள் ஒரு தடவைகூட ஆடவில்லை. அவள் என் மனைவி என்று கூரையேறிக் கத்த வேண்டும்போல் எனக்குப் பெருமை பொங்கியது. கத்தவில்லை. நொண்டிக்கொண்டு வகுப்புக்குள் போனேன்.

டாக்டர் தையல் போட்டு அஞ்சலையைப் பிழைக்க வைத்தார். சாயங்காலம் சேலையெல்லாம் ரத்தக் கறையோடு நீ திரும்பியபோது மணியக்காரர் ஓடிவந்து பிடித்தது என் கையை. "பொம்பளைக்கு இம்மாம் சோக்கா சொல்லிக் குடுத்துக்கிறீங்களே வாத்யாரே!" என்றார். நான் மறுக்கவில்லை, சிரித்துவைத்தேன். அதுதான் அந்தப் பொய்.

அதன்பின் நீ தெருவிலேயே ஓட்டினாய், நான் கேரியரில் பகிரங்கமாக உட்கார்ந்து வந்தேன். என் சுளுக்கு மட்டும் வருஷக்கணக்கில் ஆறவில்லை. எந்தக் கால் என்பதே எனக்குச் சில நாள் மறந்துபோகும். ஒருநாள் மனம் பொறுக்காமல், "ஊரில் உண்மையைச் சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டேன். "எனக்கு ஓட்டத் தெரியும்னு எனக்குத் தெரியும். அது போதுங்க" என்றாய். நிஜமாகவே போதுமாக இருந்ததா? இல்லை, எனக்காகச் சொன்னாயா?

தை மாதக் காய்ச்சல் உன்னை ஐந்தே நாளில் கொண்டுபோனது. பள்ளிக்கூடத்தில் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மணியக்காரர் பேசினார். அந்தக் காலத்திலேயே மனைவிக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்த மகராசன் என்று என் கழுத்தில் மாலை போட்டார். உன் கூட்டத்தில் எனக்கு மாலை! நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேனே.

கூட்டம் கலைந்த பிறகு அஞ்சலை வந்தாள். "எந்தக் காலு வாத்யாரே?" என்றாள். நான் குனிந்து இரண்டு கால்களையும் பார்த்தேன்.

"ஆத்தோரம் களை எடுக்கறப்போ எத்தினி நாளு பாத்துக்கிறேன், நீங்க மல்லாட்டை உரிச்சிக்கினு பின்னால உக்காந்துகினு போவறதை. சொல்லாதடினு டீச்சரம்மா கேட்டுக்கினாங்க, அதான் வாய மூடிக்கினு இருந்தேன். இப்ப எம்பொண்ணு சைக்கிளு கத்துக்கணும்னு அழுவுது. சொல்லிக் குடுக்க வாத்யார் மாதிரி ஆம்பள ஒருத்தர் வேணும், வாத்யாருக்கோ காலு சரியில்லையேனு அவங்கப்பன் தடுக்கறாரு. டீச்சரம்மாவுக்கு எந்த ஆம்பள சொல்லிக் குடுத்தாரு? நீங்களே சொல்லுங்க."

உன் திறமையை என் பெயரில் போட்டுக்கொண்டது உன்னோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது இன்னொரு பெண்ணின் வழியில் போய் நிற்கிறது.

ஆகவே உனக்கு ஒரு வாக்கு. இதழுக்கு அனுப்பும் முன், வருகிற திங்கட்கிழமை காலை, பிள்ளைகளோடு மணியக்காரரையும் கன்னியப்பனையும் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி, இந்தக் கடிதத்தை நானே உரக்கப் படிப்பேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பஞ்சர் என்று நான் சொன்ன இடம் வரும்போது கன்னியப்பன் என்னை நிமிர்ந்து பார்ப்பான். அந்த வரியையும் அவன் முகத்தைப் பார்த்தே படிப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
எஸ்தர் டீச்சரின் வீட்டுக்காரன்