கழற்றி எறிந்த செம்பு வளையம்

மைத்துனா,

இன்று விடியலில் நீராடி, நீறணிந்து, பதிகம் ஓதக் கைகூப்பினேன். விரலிடுக்கில் கியர் எண்ணெய் நாறியது. சீயக்காய்க்கும் அது அடங்கவில்லை, திருநீற்றுக்கும் அடங்கவில்லை. உயிரோடு இருந்த நாளெல்லாம் என் பூசையறை வாசலை மிதிக்காத நீ, இன்று என் கைவழியே உள்ளே வந்து நின்றாய்.

உன் ஜீப்பின் ரிவர்ஸ் விளக்கு ஐப்பசி மழையில் அணைந்துபோயிற்று. ரிவர்ஸ் கியர் விழுந்ததும் அதை எரியவைக்கும், கியர்பெட்டியில் பூட்டிய ஸ்விட்ச் பழுது. வில்பட்டிக்கு மேலே நம் தோட்டத்துக்குப் போகும் ஒற்றைத் தடத்தை நீ அறிவாய். எதிரே பூண்டு வண்டி வந்தால் நாம்தான் பின்வாங்க வேண்டும், பின்னால் பள்ளம். பனிமஞ்சு இறங்கிய மாலைகளில் உன் அக்காள்தான் இறங்கி, அந்த விளிம்பில் டார்ச்சோடு நிற்பாள். ஒரு கண்ணில் புரை நீக்கியவள். ஒருநாள் அவள் காலடியில் கல் பெயர்ந்தது. டார்ச் பள்ளத்தில் போயிற்று. அவள் பின்கதவைப் பற்றித் தப்பினாள். "ஒண்ணுமில்ல, நீங்க எடுங்க" என்றாள்.

மறுநாள் கொடைக்கானலில் கண்ணாடி பதித்த உதிரிபாகக் கடையொன்றில் ஏறினேன். கடைக்காரன் கைபேசியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"அந்த மாடலே நின்னு போச்சுங்க ஐயா. ஸ்விட்ச் தனியா வராது, செட்டாத்தான் எடுக்கணும். வண்டி விலைக்கு மேல போகும். பேசாம பின்னாடி ஒரு ஆள நிக்கவச்சு டார்ச் அடிக்கச் சொல்லுங்க."

கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பொருளுக்கு முழு கியர்பெட்டியைத் தலையில் கட்டப் பார்க்கும் இவன் நெற்றியில் மூன்று விரல் சந்தனம். என்னைவிட அழுத்தமாகப் பூசியிருந்தான்.

ஊர் மெக்கானிக் அவனுக்கும் மேல். "டேஷ்போர்டுல ஒரு ஸ்விட்ச வச்சிருவோம். நீங்களே போட்டுக்கங்க, நீங்களே அமத்திக்கங்க. வெரசா சோலி முடிஞ்சிரும்" என்றான். கியர் அறியாமல் எரியும் விளக்கு எதற்கு? பக்தி இல்லாமல் அடிக்கும் மணியைப் போல, ஓசைக்குத்தான் ஆகும்.

அப்போதுதான் ஒட்டன்சத்திரம் நினைவுக்கு வந்தது. மண்டியில் பூண்டு இறக்கியபின் நீ பழைய ஸ்விட்சைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு லாரி உதிரிபாகக் கடைகளில் குவியல் குவியலாகக் கிளறுவாய். "குப்பைமேட்டில் என்னடா தேடுகிறாய்?" என்று வெயிலில் நின்று இகழ்வேன். நீ நிமிராமலே சொல்வாய்: "வண்டி பேர விடுங்க மாமா. திருகு மரை சேருதான்னு பாருங்க. சாமிய எந்தப் பேரு சொல்லிக் கும்பிட்டாலும் ஏத்துக்கிடும். இது ஏத்துக்கிடாது." கடைக்காரரெல்லாம் சிரிப்பார்கள். நான் முகம் திருப்பிக்கொள்வேன்.

பழைய ஸ்விட்சை உன் கைக்குட்டையிலேயே முடிந்துகொண்டு அதே குவியல்முன் இம்முறை நான் குந்தினேன். பழையதன் மரையோடு ஒவ்வொன்றாய் ஒத்துப்பார்த்தேன். ஒரு சிறு சரக்கு வண்டியின் ஸ்விட்ச் திருகுக்கு இசைந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டு விலைகூட இல்லை. அந்தச் சந்தனக்காரனை எண்ணிக் காறித் துப்பத் தோன்றியது. புண்ணியத் தலத்துக்குப் போகும் பாதை என்று விழுங்கிக்கொண்டேன்.

வீட்டில் பொருத்துமுன் எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்தேன். பழைய ஸ்விட்சின் கழுத்தில் எண்ணெய்க் கறுப்பாய் ஒரு வளையம் ஒட்டியிருந்தது. அழுக்கென்று கழற்றி எறிந்துவிட்டுப் பூட்டினேன். விளக்கு எரிந்தது, முன்னே போகும்போதும் எரிந்தது. வண்டி பின்னுக்கு வருகிறதென்று, மேடேறுகையில் பின்னால் வந்தவன் பதறி ஹாரன் அடித்தான்.

உன் அக்காள்தான் கேட்டாள்: "அந்தச் செம்பு வளையம் எங்க? எந்தம்பி அதப் போடாம பூட்டமாட்டானே. அது இல்லேன்னா ஸ்விட்சு ஆழமா எறங்கி அமுங்கியே கெடக்கும்னு சொல்லுவான்."

அக்காளுக்குச் சொன்னாய், எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? இந்த வாரம் முழுவதும் நான் இகழ்ந்தவர்களில் முதலில் வைக்க வேண்டியவன் நான்தான். அழுக்கையும் உறுப்பையும் பிரித்தறியாத சுத்தக்காரன். முற்றத்து மண்ணை விரல்களால் அளைந்து அந்த வளையத்தை எடுத்து, புது ஸ்விட்சின் கழுத்தில் மாட்டிப் பூட்டினேன்.

நேற்று மாலை, கல் பெயர்ந்த அதே இடத்தில் பூண்டு வண்டி எதிரே நின்றது. நான் ரிவர்ஸ் கியரைப் போட்டேன். கண்ணாடியில் விளிம்புக் கற்கள் வெள்ளையாய்த் தெரிந்தன. உன் அக்காளின் கை பழக்கத்தில் கதவுப் பிடிக்குப் போனது. பிறகு மெல்ல மடிக்குத் திரும்பியது.

பழைய ஸ்விட்ச் உன் கைக்குட்டை முடிச்சோடு என் மடியில் இருக்கிறது. இன்று கையை மறுபடி கழுவப் போகவில்லை. அந்த நாற்றத்தோடே ஓதி முடித்தேன்.