ஊதாப் பென்சில் துண்டு

யூன் 18, திங்கள்

சோழகக் காற்று மூன்றாம் நாளாக. வரவுப் புத்தகத்தின் மேல் விரலால் எழுதுமளவுக்குப் புழுதி. ஐந்தாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. நயினாதீவுத் திருவிழா. அப்போத்திக்கரியும் அங்கேதான், சனக்கூட்டத்தில் வாந்திபேதி வராமல் பார்க்க. அவர் திரும்பும்வரை நெடுந்தீவு மருந்துச்சாலைக்குப் பூட்டு.

மண்ணெண்ணெய். கண்ணாடிக்கு நூல். பள்ளிக்கூட மனேச்சருக்குக் கடிதம். தி.யிடமிருந்து குடையைத் திரும்ப வாங்க வேண்டும்.

தி. என்றே எழுதி வருகிறேன். திரேசம்மா. அரசாங்க மருத்துவிச்சி, வயது இருபத்தாறு, வந்து எட்டு மாதம், என் கல்வேலிக்கு அடுத்த வீடு. முழுப் பெயரை எழுதினால் கை வெந்துவிடாது.

காலையில் மூன்று பெண்கள் என் படலையைக் கடந்து அவளிடம் போனார்கள். முட்டை, தயிர், முருங்கைக்காய். "மிசி! மிசி!" நான் இங்கே பத்தொன்பது வருடம். என்னிடம் வருவது விண்ணப்பம் எழுதுவிக்க.

சேட்டிபிக்கட்டைச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறாள். நான் சென்னையில் மூன்றரை வருடம் வைத்தியம் படித்தேன். அப்பா போனதும் நின்றது. பிறகு பி.ஏ. பிள்ளைப்பேறு பார்க்க அவளுக்கு உத்தரவு உண்டு, எனக்கு இல்லை. சட்டம் சரிதான். அரைகுறைப் படிப்பை நம்பி யாரும் உயிரைக் கொடுக்கக் கூடாது. தெரிந்துதான் இருக்கிறது.

குடை வாங்கவில்லை.

யூன் 20, புதன்

காற்று அப்படியே. கணக்குப் பாட நேரத்தில் மாட்டுக்காரக் கந்தையா ஓடி வந்தான். "ரீச்சர், மிசி உங்களைக் கெதியா வரட்டாம்."

என்னை. வழி முழுக்க நெஞ்சு அடித்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அது பயம் அல்ல.

அவன் மனைவி செல்லம்மா. விடியப் பெண் பிள்ளை பிறந்து, பின்னால் விழ வேண்டிய இளங்கொடி விழவில்லை. பாய் நனைந்து மண்ணிலும் இரத்தம். தி. வயிற்றை இரு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே பேசினாள்.

"உள்ளுக்குக் கை விட்டு எடுக்கோணும் ரீச்சர். எனக்கு அதுக்கு உத்தரவு இல்லை. அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம் எண்டால், அப்போத்திக்கரியார் எழுதின துண்டு இல்லாமல் சூசையண்ணை ஏத்தமாட்டாராம்."

வள்ளக்கார சூசை வாசலில். "ஏத்த ஏலாது மிசி. போன வருசம் துண்டில்லாமல் ஒருத்தியை ஏத்தினனான். நடுக்கடலிலை சீவன் போட்டுது. பொலிசு என்ர வள்ளத்தை எத்தினை நாள் கட்டி வைச்சது எண்டு கந்தையாட்டைக் கேளுங்கோ. நயினாதீவுக்குப் போய் அப்போத்திக்கரியாரிட்டைத் துண்டு வாங்கியரட்டோ?"

"வாங்கிக்கொண்டு இந்தக் காத்துக்கு எதிராத் திரும்பி வருவியோ? அதுக்குள்ளை செத்தவீடு முடிஞ்சிடும்" என்றான் கந்தையா.

தி. என்னைப் பார்த்தாள். "துண்டு எழுத எனக்கு உரிமை இல்லை. உங்களுக்கு இங்கிலீசு வரும். நீங்கள் எழுதித் தாங்கோ, ரீச்சர்."

என் படிப்புக்கல்ல, இங்கிலீசுக்கு அழைப்பு. நாடி பிடித்துப் பார்த்தேன், எண்ண முடியாத வேகம். அதையாவது செய்தேன். சேலை இடுப்பில் வரவு போடும் ஊதாப் பென்சில். கொப்பித் தாளில் எழுதினேன்: பிறந்த நேரம், நாடி, இரத்தத்தின் அளவு, இளங்கொடி தங்கியிருக்கிறது, உடனே கையால் எடுக்க வேண்டும். பென்சில் ஒரு சொல்லுக்கும் நிற்கவில்லை. கையெழுத்துப் போடவில்லை. அதற்குத் துணிவில்லை.

சூசைக்கு வாசிக்கத் தெரியாது. தாளை வெயிலில் பிடித்தான். அப்போத்திக்கரியும் எழுதுவது ஊதாப் பென்சிலால்தான். "ஓம், ஊதா எழுத்துத்தான். பொலிசு கேட்டால் காட்டலாம். ஏத்துங்கோ!"

கதவுப்பலகையில் கிடத்திக் கொண்டுபோனார்கள். வள்ளத்தில் ஏறும்போதும் தி.யின் கைகள் அந்த வயிற்றை விடவில்லை. அவள் விட்டுப்போன குடையைப் பிடித்துக் கரையில் நின்றேன். என் குடைதான்.

யூன் 21, வியாழன்

செய்தி இல்லை. இரண்டு தரம் கரைக்குப் போனேன். பிள்ளையைக் கந்தையாவின் தங்கை வைத்திருக்கிறாள், மாட்டுப்பாலில் நனைத்த துணி.

யூன் 24, ஞாயிறு

காற்றுத் தணிவு. வள்ளம் வந்தது. செல்லம்மா தப்பிவிட்டாள்.

கரையில் கோயில் திருவிழாப் போலச் சனம். தி.யின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றுகிறார்கள். பிள்ளைக்குத் திரேசா என்று பெயராம். சைவக்காரன் வீட்டில் ஒரு திரேசா!

அது போகட்டும். சூசை சொன்னது: "அந்தத் துண்டைப் பெரிய டொக்ரர் இரண்டு தரம் வாசிச்சவர், ரீச்சரம்மா. படிச்ச கை எழுதின துண்டெண்டு சொன்னவராம். மிசியைப் பார்த்து, நீரோ எழுதினது எண்டு கேட்டவர். மிசி ஓம் எண்டிட்டா. எனக்கெண்டால் சிரிப்புத்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னேரம் வேலிக்கு மேலால் அவளே சொன்னாள்: "உங்கட பேரைச் சொன்னால் பள்ளிக்கூடத்திலை வில்லங்கம் வரும் எண்டுதான் ஓம் எண்டனான்."

"நல்லது" என்றேன். உண்மையாக இருக்கலாம். புகழுக்கும் ஆசைப்பட்டிருக்கலாம். அவள் மணிக்கட்டுகள் இன்னும் வீங்கியிருந்தன. வழி முழுக்க அழுத்தியிருக்கிறாள். என்னால் முடிந்திருக்குமா? அதைக் கேட்டுக்கொண்டதும் கோபம் கூடியது.

என் வாழ்க்கையில் வைத்தியமாக நான் எழுதியவை ஆறு வரிகள். அதையும் அவளுக்கே கொடுத்தாயிற்று.

யூன் 29, வெள்ளி

கத்தரிக்காய் பூச்சி. மூன்றாம் வகுப்பில் பேன்.

தி.க்குக் கடிதம். உரிமையில்லாமல் துண்டு எழுதிய குற்றம், திங்கள் விசாரணை. மருத்துவிச்சிப் பதிவு நீக்கப்படலாம். துண்டு நன்றாக இருந்ததால்தான் பிடிபட்டது. அப்போத்திக்கரி திரும்பியதும் பெரிய டொக்ரர் அவளைப் பாராட்டி எழுத, அவர் "நான் எழுதச் சொல்லவில்லை" என்றிருக்கிறார்.

கேட்டதும் முதலில் வந்தது சந்தோசம். அதை இங்கேகூட ஒளித்தால் இந்தப் புத்தகம் எதற்கு? அந்தச் சட்டம் போட்ட தாள் சுவரிலிருந்து இறங்குவதை மனதில் பார்த்தேன்.

படலையில் சூசை. "மிசியை அனுப்பிப்போட்டினமெண்டால் என்ர மோளுக்கு ஆர் பார்க்கிறது? அடுத்த மாசம் அவளுக்கு நாள். ஒரு விண்ணப்பம் எழுதித் தாங்கோ ரீச்சரம்மா."

விண்ணப்பம்! எழுதிக் கொடுத்தேன், மையில்.

யூலை 1, ஞாயிறு

தூக்கமில்லாமல் தலைவலி. தி. வேலிக்கு அந்தப் பக்கம் துணி மடிக்கிறாள். ஒருதரமும் என்னிடம் கேட்கவில்லை. கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேனோ? அழுதாளா என்று காது கொடுத்தேன். பாட்டு முணுமுணுக்கிறாள்.

அவளுக்காக இரங்கித்தான் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு குற்றப் பத்திரத்தில் என் ஆறு வரியும் அவள் பெயரில் கிடப்பதை என்னால் பொறுக்க ஏலாது.

வெள்ளைச் சேலை தோய்த்துப் போட்டேன்.

யூலை 2, திங்கள்

மருந்துச்சாலை. விசாரணைக்கு வந்த டொக்ரர் தமிழர், என்னைவிட இளையவர், கடல் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளிறி. தி. சுவரோரம். உரிமை இல்லாதவரை எழுத விட்டால் நாளைக்கு யாரும் எழுதுவார்கள் என்றார் டொக்ரர். சரியான பேச்சு. நானும் அதையே சொல்லியிருப்பேன்.

"அந்தத் துண்டு என்னுடைய கை" என்றேன்.

தி. "இல்லை, ரீச்சர்" என்றாள்.

"நீர் சும்மா இரும்" என்றேன் அவளிடம்.

டொக்ரர் சிரித்தார். "உங்களுக்கு நல்ல மனசு, ரீச்சர். இவவைக் காப்பாற்றப் பார்க்கிறீங்கள். ஆனால் இது வைத்தியம் படிச்ச ஆள் எழுதினது."

"ஓம்" என்றேன்.

சிரிப்பு நின்றது. அப்போத்திக்கரியின் ஊதாப் பென்சிலையும் ஒரு தாளையும் என் பக்கம் தள்ளினார். "எண்டால் எழுதிக் காட்டுங்கோ, பார்ப்பம்."

ஆறு வரியும் எழுதினேன். இந்த முறை கீழே என் பெயரையும் போட்டேன்.