இரண்டு பேர் பார்த்தால்தான் கணக்கு

அன்புள்ள டெரன்ஸுக்கு அம்மா எழுதுவது. நீயும் லோரெய்னும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, பாதி நலம் என்று வைத்துக்கொள். ஏப்ரலில் பாஸ்டனுக்கு வா வா என்று நாலு வருஷமாகக் கூப்பிடுகிறாய், திமிங்கிலங்கள் குட்டியோடு வடக்கே போகிற நேரம், கணக்கெடுப்பு முடியட்டும் என்று நானும் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் அந்தச் சாக்கும் போய்விட்டது. கடலோர முனையில் உட்கார்ந்து குட்டிகளை எண்ணுகிற வேலையிலிருந்து எங்களை நிறுத்திவிட்டார்கள்.

உனக்குத் தெரியும், அங்கே ஒருத்தர் மட்டும் பார்த்தது தாளில் ஏறாது, பக்கத்தில் இருப்பவரும் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷமாக நானும் அப்பாவும்தான் ஜோடி. போன வருஷத்திலிருந்து அவருக்கு நினைவு தடுமாறுகிறது, உன்னிடம் மறைத்துவிட்டேன். மார்ச் கடைசியில் ஒருநாள் வெறும் கடலைக் காட்டி, அதோ தாயும் குட்டியும், பாத்தியா வெர்னா என்றார். அங்கே அலையும் கடற்பாசியும்தான் கிடந்தன. இல்லைங்க என்றேன், அவர் முகம் செத்துப்போய்விட்டது. சரி, பாத்தேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அதுவே பழகிவிட்டது. ஒன்பது நாளில் இல்லாத இருபத்திரண்டு குட்டிகளை என் கையாலேயே எழுதினேன். கணக்கெடுப்பை நடத்தும் மாரியன் மற்றவர்கள் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஏன் வெர்னா, நீங்க பாக்குற கடல் வேற, நாங்க பாக்குற கடல் வேறயா என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கட்டிப்பிடித்துக்கொண்டாள், எங்கள் தாள்களைக் கணக்கிலிருந்து எடுத்தும்விட்டாள். குட்டிகள் குறைந்துவரும் காலத்தில் நான் செய்தது சின்னத் தப்பில்லை, அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது வீட்டு முன்பக்கத்து மரத்தளத்தில் கடலைப் பார்த்தபடி உட்கார்கிறோம், விடிந்தால் உட்கார்ந்து இருட்டினால்தான் எழுந்திருக்கிறோம். காபி போட எழுந்தால்கூட, இடத்தை விட்டுப் போகாதே, தவறிப்போயிடும் என்று அப்பா கத்துகிறார். குளியலறைக் கதவைத் தட்டுகிறார். பக்கத்து வீட்டு ஹோவர்ட் எனக்குப் பதிலாக உட்காருகிறேன் என்று வந்தார், இவன் பக்கத்துல வர்ற கப்பலையே பாக்க மாட்டான், எந்திரிச்சுப் போகச் சொல்லு என்று அப்பா விரட்டிவிட்டார். சிரித்தேன், உள்ளே போய் அழுதேன். நேற்று நிஜமாகவே ஒரு தாயும் குட்டியும் பாசியை ஒட்டிக் கரையோரமாகப் போயின. அவருக்குக் கண்ணில் படவில்லை, நான் காட்டவும் இல்லை. அவை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது டெரன்ஸ். திமிங்கிலத்தின் மேல் பொறாமைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம், எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். லோரெய்ன் முதுகுவலியை அசட்டையாக விட வேண்டாம். அப்பாவுக்கு ஸ்வெட்டர் எதுவும் அனுப்பாதே, நாலு கிடக்கிறது. லீவை வீணாக்காதே, வராதே என்றுதான் எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை வா. உன் கண் நல்ல கண் என்று இன்னமும் சொல்கிறார், உன்னை உட்கார விடுவார். அவர் எதைக் காட்டினாலும் பார்த்தேன் என்று சொல், அது போதும். ஒரே ஒரு மத்தியானம். நான் காரை எடுத்துக்கொண்டு கடல் கண்ணில் படாத இடமாகப் போக வேண்டும். சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

உன் அம்மா,
வெர்னா