பதினாறு ஜிபி வந்துவிட்டது, ஸ்டெல்லா

என் கூடப்பிறந்த தங்கமே, ஸ்டெல்லா,

உன் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை உன் அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். "ஸ்டெல்லா மேடத்தின் தீதிதானே, அக்காதானே?" என்று இந்தியில் கேட்டார். பிறகு, நீ கேட்டிருந்த மெஷின் வந்திருக்கிறது என்றும், உன் மேசையில் கிடக்கும் சாமான்களை நான் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். "பதினாறு ஜிபியா?" என்று கேட்டேன். பார்த்துவிட்டு ஆமாம் என்றார். வார்டில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரோரம் ஒதுங்கி நின்றுவிட்டேன்.

மழைக்காலத்துக்கு முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா? இதை யாரிடம் கேட்பது?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் உன்னிடமே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

பிறந்தபோதே உனக்குக் கண் தெரியாது. தூத்துக்குடியில் பி.ஏ. முடித்துவிட்டு, நான் நர்ஸாக இருக்கும் தில்லிக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வந்தாய். அம்மா ரயிலடியில் அழுதாள். நீ அழவில்லை. படித்து முடித்து, பரீட்சை எழுதி, ஒரு அரசு நிறுவனத்தில் உதவியாளர் வேலையும் வாங்கிவிட்டாய். ஜங்புராவில் நம் இரண்டாம் மாடி வீட்டில் ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். இன்னொரு காது எனக்கு. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் உன் ஸ்க்ரீன் ரீடரின் குரலை ஒருநாள் வாங்கிக் கேட்டேன். கடுகு பொரிகிற மாதிரி இருந்தது.

"இதுல என்னட்டி புரியுது உனக்கு?"

"எல்லாம் புரியுதுக்கா. நீ பேசுததுதான் எனக்கு ரொம்ப மெதுவா இருக்கு" என்று சிரித்தாய்.

அலுவலகத்தில் உனக்குக் கொடுத்தது நாலு ஜிபி மெமரி உள்ள பழைய கம்ப்யூட்டர். காலையில் அதைப் போட்டுவிட்டு, அது பேச ஆரம்பிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்பாய். மெமரியைக் கூட்டித் தரச் சொல்லி நீ கேட்டபோது, கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து வந்தவர் உன்னிடம் சொன்னாராம்: "அரே மேடம், நீங்கதான் ஸ்க்ரீனையே பார்க்கப்போறதில்லையே. உங்களுக்கு எதுக்கு இவ்வளவு?"

அவர் கெட்ட மனிதர் இல்லை என்றுதான் நீயும் சொன்னாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. படம் பார்க்காதவளுக்கு, விளையாடாதவளுக்குச் சின்ன மெஷின் போதாதா? நான் கேட்டதும் நீ வெங்காயம் உரித்துக்கொண்டே விளக்கினாய்.

"ஸ்க்ரீன் ரீடர் ஒண்ணும் ரொம்பத் திங்காதுக்கா. ஆனா அது தனியா ஓடாது. பிரவுசர், மெயில், எக்செல், மீட்டிங், வைரஸ் பாக்குதது எல்லாம் கூடவே ஓடும். ஸ்கேன் பண்ணி அனுப்புத ஃபைல் வெறும் படந்தானே, அதை எழுத்தா மாத்துததுக்கு இன்னொண்ணு. மெமரி நிறைஞ்சிட்டுன்னா எல்லாம் ஒண்ணையொண்ணு தள்ளும். அதுல என் குரலும் நின்னுரும்."

"எல்லாருக்கும்தானே ஹேங் ஆகுது?"

அப்போது உன் கத்தி நின்றது. "உங்களுக்கு ஹேங் ஆனா ஸ்க்ரீன்ல ஒரு வட்டம் சுத்தும். காத்திருக்கணும்னு தெரியும். எனக்கு ஒண்ணுமே இருக்காது. மெஷின் யோசிக்குதா, செத்துட்டா, நான் தப்பா அமுக்கிட்டனா, ஒண்ணும் தெரியாது. சும்மா இருட்டுன்னு நீங்க சொல்லுவீங்களே, அது எனக்கு இதுதான்."

அப்புறம் பழையபடி உரிக்கத் தொடங்கினாய். எட்டு இருந்தால் ஒப்பேற்றலாம், பதினாறு இருந்தால்தான் மற்றவர்களோடு சமமாக வேலை செய்யலாம் என்றாய். அதுவரைக்கும் எனக்கு ஜிபி என்றால் போனில் தீர்ந்துபோகிற ஒன்று, அவ்வளவுதான்.

பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு வந்தது. உன் ஸ்க்ரீன் ரீடர் உன் கம்ப்யூட்டரில்தான் இருந்தது என்பதால் அதிலேயே எழுதச் சொன்னார்கள். முதல் பகுதி நன்றாகப் போனதாம். இரண்டாவதைத் திறந்ததும் குரல் நின்றுவிட்டது. காத்திருந்தாய். ஒரு கீயை அமுக்கினாய். பதில் இல்லை. இன்னொன்றை அமுக்கினாய். திடீரென்று அமுக்கியதெல்லாம் ஒன்றாக ஓடி, எங்கே இருக்கிறாய் என்றே தெரியாத இடத்தில் போய் நின்றது. திரும்பி வரும் வழியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது என்றார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாய். "எனக்குத் தெரிஞ்ச கேள்விக்கா, எல்லாமே தெரிஞ்ச கேள்வி" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். நான் போய்ச் சண்டை போடுகிறேன் என்றேன். வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்றாய்.

பேசவும் செய்தாய். அடுத்த முறை உனக்குப் பதிலாக எழுத ஒரு ஆளைத் தருவதாகப் பெரிய அதிகாரி இரக்கத்தோடு சொன்னார். நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று இன்றும் உன் அலுவலகத்தில் சொல்கிறார்கள். "எனக்குக் கை இருக்கு சார். மெமரிதான் இல்லை." அவர் சிரித்துவிட்டாராம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தேர்வை மறுபடி வைக்கவும் புது மெஷின் வாங்கவும் உத்தரவு போட்டார். அன்று நீ பக்கத்து போகல் கடைத்தெருவிலிருந்து ஜிலேபி வாங்கிவந்தாய். பாதியை ஆட்டோவிலேயே தின்றுவிட்டிருந்தாய்.

அப்புறம் மழை. அப்புறம் காய்ச்சல்.

டெங்கு என்றால் பயப்படாதே, நூற்றுக்கணக்கான பேரைப் பார்த்திருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன். பார்த்தவள்தான். காய்ச்சல் இறங்கிய பிறகுதான் ஆபத்து என்றும் தெரிந்தவள்தான். உன் கை சில்லிட்டதுமே தூக்கிக்கொண்டு ஓடினேன். தெரிந்த டாக்டர்கள், தெரிந்த சிஸ்டர்கள், எல்லாரும் ஓடிவந்தார்கள். தெரிந்ததால் என்ன ஆயிற்று ஸ்டெல்லா?

ஐசியுவில் இரண்டாவது நாள் மத்தியானம். மானிட்டர் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது என்று ஒரு சிஸ்டர் அதை அமர்த்திவிட்டுப் போனாள். நீ கண்ணைத் திறக்காமலே என் கையைத் தேடினாய்.

"அக்கா... சத்தம் நின்னுட்டே. ஹேங் ஆயிட்டா?"

"இல்லட்டி. சத்தத்தை மட்டும் குறைச்சிருக்காங்க. மெஷின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அப்போ நீ பேசு" என்றாய்.

பேசினேன். என்ன பேச என்று தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு சர்தார்ஜி ஆட்டோக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் துப்பட்டா போட்ட ஒருத்தி தண்ணீர்க் குட்டையைத் தாண்ட முடியாமல் நின்றாள், பிறகு தாண்டிவிட்டாள். பேச்சை நிறுத்தினால் உனக்கு அந்த இருட்டு வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை. உன் விரல்கள் தளர்ந்த பிறகும் பேசினேன். அவர்கள் உன் நெஞ்சை அமுக்க ஓடிவந்து என்னைப் பின்னால் தள்ளிய பிறகும், அங்கிருந்தே பேசினேன். கடைசியில் டாக்டர் என் தோளைத் தொட்டு, "போதும் சிஸ்டர், போதும்" என்றார்.

நான் பேசியதில் எதுவரைக்கும் உனக்குக் கேட்டது?

வெள்ளிக்கிழமை உன் அலுவலகத்துக்குப் போனேன். உன் சாப்பாட்டு டப்பாவையும் சால்வையையும் மடித்து வைத்திருந்தார்கள். புது மெஷின் பெட்டி பிரிக்காமல் இருந்தது. அருகில் சுனிதா நின்றிருந்தாள். உன்னோடு மத்தியானம் சாப்பிடுவாளே, தபால் பிரிவில் இருப்பவள். சர்க்கரை நோயில் அவளுடைய பார்வை போய்க்கொண்டிருக்கிறது. அதை அவள் முதலில் சொன்னது உன்னிடம்தானாம். "ஸ்டெல்லா இருக்கிற தைரியத்தில் இருந்தேன் தீதி" என்றாள்.

கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் தயங்கித் தயங்கிப் பேசினார். சுனிதா இப்போதுதான் கற்றுக்கொள்ளப் போகிறாள், அதற்கு உன் பழைய மெஷின் போதும், புதியதை வேறு பிரிவுக்குக் கொடுத்துவிடலாம் என்றார்.

எனக்கு எங்கிருந்து பேச்சு வந்ததோ. என் ஓட்டை இந்தியிலேயே சொன்னேன். "பாய் சாப், பழகினவளுக்குக் குரல் நின்னா மெஷின் நின்னிருக்குன்னு தெரியும். புதுசா கத்துக்கறவ, தான்தான் தப்பு பண்ணிட்டோம்னு நினைப்பா. நாலு தடவை அப்படி நினைச்சா கீபோர்டைத் தொடவே மாட்டா. கத்துக்கறவளுக்குத்தான் நல்ல மெஷின் வேணும்."

அவர் "அச்சா" என்று சொல்லிப் பெட்டியைப் பிரித்தார்.

ஸ்க்ரீன் ரீடரை ஏற்றிவிட்டுப் போட்டதும் பேசிவிட்டது ஸ்டெல்லா. டீ குடிக்கப் போக நேரமே இல்லை. சுனிதா திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலை மெதுவாக வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அமுக்கிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். வெளியே வந்து மெட்ரோ படிக்கட்டில் உட்கார்ந்து, உன் சால்வையில் முகத்தைப் புதைத்து அழுதேன். ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சுனிதாவும் கிறிஸ்துமஸ் கழிந்து அந்தத் துறைத் தேர்வை எழுதப்போகிறாள். நீ எழுதிய அன்று எனக்கு டியூட்டி. அவள் எழுதும் நாளுக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே ஏதாவது நின்றுபோய், நேரம் முடிந்துவிட்டது என்று யாராவது சொல்ல வந்தால், கதவைத் தட்டமாட்டேன். திறந்துகொண்டு போவேன். உனக்குக் கொடுக்கிற வாக்கு இது.

உனக்கு முன் பிறந்து, உனக்குப் பின்னும் இருக்கிற
உன் அக்கா,
ஜெசிந்தா
ஜங்புரா, தில்லி